கிடப்பில் போட்ட கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி?

தனியாக கேம் செய்கிற யாரைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பழைய போல்டர் இருக்கும். பாதியில் நின்றுபோனதாக இருக்கலாம். முழுதாக முடித்து, வெளியிட்டு, நாலு பேர் ரசித்து விளையாடி, காலப்போக்கில் எந்த மெஷினிலும் திறக்காமல் போனதாகவும் இருக்கலாம். அதைத் தூசி தட்டி மறுபடி ஆட்கள் விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். கேம் செய்வதில் ஓரளவு பழக்கம் இருக்கிறது, பழைய புராஜெக்டில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை என்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய கோடை, அதாவது கேமை இயக்கும் நிரலைத் திறந்த அரை மணி நேரத்தில் "இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதிவிடலாம்" என்று தோன்றும். இந்த வேலையை ஆரம்பித்தவர்களில் பலர் முடிக்காமல் விடுவது அந்த எண்ணத்தால்தான். கேம் அன்று எப்படி ஓடியதோ அப்படியே இன்று ஓட வேண்டும். அழகுபடுத்துவது, புது லெவல் சேர்ப்பது, கோடைச் சீராக்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கோடு அசிங்கமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். டெர்ரி கவனா 2010-ல் வெளியிட்ட, ஆறு 'வி' எழுத்துகளே பெயராக அமைந்த கேமை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், பிரவுசர் கேம்கள் செய்யப் பயன்பட்ட பிளாஷில் எழுதப்பட்டது, அடுத்த வருடம் சி பிளஸ் பிளஸுக்கு மாற்றப்பட்டது. அதன் மூல கோடை 2020-ல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். கேமில் நடக்கும் சம்பவங்களில் பெரும்பகுதி ஒரே ஒரு பிரம்மாண்டமான சுவிட்ச் கட்டளைக்குள் (பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்துப் பலர் அசந்துபோனார்கள். அந்தக் கோடுதான் பத்து வருடங்களாக வெவ்வேறு தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. விளையாடுகிறவருக்குக் கோடு தெரியாது, குதிப்பது சரியாக இருக்கிறதா என்பதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டுங்கள்

கோடு மட்டும் கிடைத்தால் போதாது. லேயர்களோடு இருக்கும் மூலப் படங்கள், இசையின் அசல் பதிவுகள், லெவல் கோப்புகள், லெவல் எடிட்டரைத் தனியாக எழுதியிருந்தால் அது, பயன்படுத்திய பிளகின்களின் இன்ஸ்டாலர்கள் என்று எல்லாமே வேண்டும். பழைய லேப்டாப், பென்டிரைவ், நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய ஜிப், கிளவுடில் மறந்துபோன போல்டர் என்று ஒன்று விடாமல் தேடுங்கள்.

இவற்றில் ரொம்ப முக்கியமானது கடைசியாக வெளியிட்ட பில்ட், அதாவது ஆட்கள் நேராக ஓட்டி விளையாடிய முடிந்த வடிவம். உங்களிடம் இருக்கும் கோடு வெளியீட்டுக்கு முந்தையதா, வெளியிட்ட பிறகு பாதி மாற்றி நிறுத்தியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆட்கள் உண்மையில் எதை விளையாடினார்கள் என்பதற்கு அந்த பில்ட் ஒன்றுதான் சாட்சி. அது இன்னும் ஓடுகிற மெஷின் எதாவது கிடைத்தால், இல்லாவிட்டால் வெர்ச்சுவல் மெஷினிலாவது ஓட்டி, முதல் லெவலிலிருந்து முடிவுவரை வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் பலமுறை அதைத்தான் திருப்பிப் பார்ப்பீர்கள்.

ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல கோடு ரொம்ப காலம் கிடைக்காமலே இருந்தது. 2012-ல் அவருடைய அப்பா பழைய டிஸ்குகள் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அவருக்கு அனுப்பினார். மெக்னர் பழைய டிஸ்குகளைப் பிரதியெடுப்பதில் தேர்ந்தவர்களின் உதவியோடு அவற்றைப் படித்து, அதே வருடம் கோடைக் கிட்ஹப்பில் வெளியிட்டார். உங்களிடமும் பழைய ஹார்ட் டிஸ்கோ சிடியோ இருந்தால் இதே முறைதான் நல்லது. அதற்குள் போய்க் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் முழு டிஸ்கையும் ஒரு இமேஜாக (அச்சு அசலான ஒரே கோப்பு நகலாக) எடுங்கள், மற்றதெல்லாம் அந்த இமேஜில்.

கோடே கிடைக்கவில்லை, பில்ட் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கதை முடிந்துவிடாது. பிளாஷ் கோப்பிலிருந்து படங்கள், ஒலிகள், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க ஜேபெக்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. யூனிட்டி என்ற எஞ்சினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) மோனோ முறையில் எடுத்த பில்ட் என்றால் ஐஎல்ஸ்பை போன்ற கருவியில் திறந்து சி ஷார்ப் கோடைப் படிக்கலாம். உங்கள் கமென்டுகளும் சில பெயர்களும் போயிருக்கும், கணக்குகள் அப்படியே இருக்கும். இதெல்லாம் உங்கள் சொந்த கேமுக்குத்தான். வேறொருவர் கைவிட்ட கேம் என்றால் அதற்கும் காப்புரிமை இருக்கிறது. கடையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. எழுதி அனுமதி வாங்குங்கள்.

கை படாத பிரதி ஒன்று

திரட்டியதை எடிட்டரில் திறப்பதற்கு முன்பே ஒரு ஜிப் போட்டுத் தனி இடத்தில் வையுங்கள். அப்புறம் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் படிப்படியாகச் சேமிக்கும் கருவி) ரெபாசிட்டரி ஒன்று தொடங்கி, எதையும் திருத்தாமல், இருப்பது இருந்தபடி முதல் கமிட், அதாவது முதல் பதிவு. அதற்கு 'அசல்' என்று ஒரு டேக். பெரிய படங்களும் ஒலிகளும் இருந்தால் கிட் எல்எஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அன்றைய எஞ்சினிலேயே திறங்கள்

புது எஞ்சினில் திறந்தால் என்ன ஆகும்? யூனிட்டியில் புதிய பதிப்பில் ஒரு புராஜெக்டைத் திறந்தால், அது கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடும். மறுபடி பழைய பதிப்புக்குத் திரும்ப வழி கிடையாது. அதனால்தான் கை படாத பிரதி பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன்.

யூனிட்டி புராஜெக்ட் எந்தப் பதிப்பில் செய்தது என்று மறந்துவிட்டதா? புராஜெக்ட் செட்டிங்ஸ் போல்டருக்குள் புராஜெக்ட் வெர்ஷன் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் பதிப்பு எண் அப்படியே எழுதியிருக்கும். அதே பதிப்பை யூனிட்டியின் பழைய பதிப்புகள் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். லைப்ரரி போல்டர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அதை அழித்தாலும் எஞ்சின் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். மெட்டா கோப்புகளை மட்டும் தெரியாத்தனமாகக்கூட அழித்துவிடாதீர்கள். எந்தப் படம் எந்தப் பொருளில் ஒட்டியிருக்கிறது என்ற உறவு முழுவதும் அவற்றுக்குள் இருக்கும் அடையாள எண்களில்தான் இருக்கிறது. அவை போனால் ஒவ்வொரு சீனிலும் 'மிஸ்ஸிங்' என்று வரிசையாக வந்து நிற்கும்.

கொடோ எஞ்சின் என்றால் வேலை இன்னும் எளிது, பழைய பதிப்புகள் எல்லாமே இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. மூன்றாம் பதிப்பில் செய்த கேமை நான்காம் பதிப்புக்குக் கொண்டுபோக ஒரு மாற்றும் கருவி உண்டு. ஆனால் அது முக்கால்வாசி வேலையைத்தான் செய்யும். கைனமாடிக் பாடி என்பது கேரக்டர் பாடி ஆகியிருக்கிறது, யீல்ட் போய் அவெயிட் வந்திருக்கிறது. நகர்த்தும் கட்டளை முன்பு வேகத்தை வாங்கிக்கொள்ளும், இப்போது அந்தப் பொருளின் சொந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றை உட்கார்ந்து கையால்தான் சரிபார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய கேம் கருவித்தொகுப்பான எக்ஸ்என்ஏவில் செய்தவர்களுக்கு மோனோகேம், எஃப்என்ஏ என்று இரண்டு வழிகள். இரண்டும் பழைய எக்ஸ்என்ஏ கட்டளைகளையே ஏற்றுக்கொள்கின்றன என்பதால் கோடில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். எரிக் பரோன் தனி ஆளாகச் செய்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்ட்யூ வேலி எக்ஸ்என்ஏவில் எழுதப்பட்டதுதான். 2021-ல் அது மோனோகேமுக்கு மாறியது.

பிளாஷில் செய்தவர்கள் நிலைமை எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே பிளாஷ் கோப்புகளை ஓட்ட மறுத்தது. இன்று அவற்றை பிரவுசரில் ஓட்ட ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. பிளாஷின் நிரல்மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்டின் 1, 2 பதிப்புகளில் எழுதிய கேம்கள் அதில் நன்றாகவே ஓடும், 3-ல் எழுதியவற்றைத்தான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். கேம் ரஃபிளில் பிசிறில்லாமல் ஓடினால், என் கணிப்பில் அத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். வலையேற்றிவிட்டு அடுத்த கேமைச் செய்யப் போகலாம்.

பழைய எஞ்சினில் கேம் ஓடிவிட்டதா? அதை ஒரு கமிட் போடுங்கள். புதிய பதிப்புக்கு ஏற்றுவது இனிமேல்தான், அதையும் ஒரே தாவலில் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பெரிய பதிப்பாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் கமிட் போட்டால், எது உடைந்தாலும் எந்தப் படியில் உடைந்தது என்று தெரியும். நேராகப் பத்து வருடம் தாண்டிக் குதித்தால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆயிரம் பிழைச்செய்திகளில் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓடுவது அதே கேம்தானா?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். திரையில் எல்லாம் தெரிகிறது, பட்டனை அழுத்தினால் ஆள் நகர்கிறான், ஆனாலும் விளையாடும்போது ஏதோ இடிக்கும். அந்த 'ஏதோ'வை எண்களில் கண்டுபிடிக்க முடியும்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். பல பழைய கேம்களில் "ஒவ்வொரு பிரேமுக்கும் 4 பிக்சல் நகர்த்து" என்று எழுதியிருப்போம் (பிரேம் என்பது திரையில் ஒருமுறை வரையும் படம்). திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் காலத்தில் அது நொடிக்கு 240 பிக்சல். 144 ஹெர்ட்ஸ் திரையில் அதே கோடு நொடிக்கு 576 பிக்சல் ஓடும், அதாவது 2.4 மடங்கு வேகம். எதிரிகள் பாய்வார்கள், டைமர் பறக்கும், ஒருவராலும் விளையாட முடியாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, எல்லா எண்களையும் டெல்டா நேரத்தால் (முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்குவது. புது கேமுக்கு அது சரி. பழைய கேமுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு ஒரு குதியைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

குதிக்கும் வேகம் பிரேமுக்கு 8 பிக்சல், ஈர்ப்பு பிரேமுக்கு 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கோடு முதலில் ஆளை நகர்த்திவிட்டு அப்புறம் வேகத்தைக் குறைக்கிறது என்றால், அவன் 8, 7.5, 7 என்று ஏறி, கடைசியில் 0.5 வரை போவான். கூட்டினால் உச்ச உயரம் 68 பிக்சல். அதே இரண்டு வரிகளை இடம் மாற்றி, முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் நகர்த்தினால், 7.5-லிருந்து தொடங்குவதால் உச்சம் 60 பிக்சல்தான். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் 64 வரும். மூன்றும் 'சரியான' குதிகள்தான். ஆனால் உங்கள் லெவலில் 16 பிக்சல் கட்டங்கள் நான்கை அடுக்கி, 64 பிக்சல் உயரத்தில் ஒரு மேடை வைத்திருந்தால்? 68-ல் ஏறிவிடலாம். 60-ல் ஒருநாளும் ஏற முடியாது. 64-ல் தொட்டும் தொடாமலும் இருக்கும். கோடைச் 'சுத்தம்' செய்யும்போது இரண்டு வரிகள் இடம் மாறியதால் ஒரு லெவல் முழுக்க விளையாட முடியாமல் போகும், பிழைச்செய்தி ஒன்றுகூட வராது.

டெல்டாவால் பெருக்கினாலும் இதே தொல்லைதான். பிரேம் நீளம் மாற மாற குதியின் உயரமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஆகவே பழைய கேமுக்கு நல்ல வழி, கணக்கு முழுவதையும் நொடிக்கு 60 என்ற நிலையான அடியில் ஓட விடுவது. திரை எந்த வேகத்தில் புதுப்பித்தாலும் கேமின் உள்கணக்கு 60-லேயே நடக்கும், இரண்டு கணக்குகளுக்கு நடுவே படத்தை மட்டும் நிரவிக் காட்டினால் 144 ஹெர்ட்ஸ் திரையிலும் வழுக்கிக்கொண்டு போகும். பழைய எண்கள் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கொடோவில் இந்த நிலையான அடி இயல்பாகவே நொடிக்கு 60. யூனிட்டியில் இயல்பாக 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50. வேறிடத்தில் 60-ல் ஓடிய கேமை யூனிட்டிக்கு மாற்றி, இந்த எண்ணை மாற்றாமல் விட்டால் கேம் முழுவதும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு மெதுவு. விளையாடுகிறவர் "என்னவோ சோம்பலாக இருக்கிறது" என்பார், காரணம் சொல்லத் தெரியாது.

முன்பு எடுத்த வீடியோ இங்கேதான் கைகொடுக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே குதியைப் பிரேம் பிரேமாக எண்ணிப் பாருங்கள். தரையிலிருந்து கிளம்பி மறுபடி தரையைத் தொட எத்தனை பிரேம், உச்சியில் எந்தக் கட்டம், எதிரி ஒரு சுற்று வர எவ்வளவு நேரம். மூன்று நான்கு இடங்களில் ஒத்துப்போனால் நம்பலாம்.

இன்றைய மெஷின்களுக்குப் பழக்குவது

இந்தப் பகுதி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ஆனால் செய்தே ஆக வேண்டும். 32 பிட் மட்டும் உள்ள ஆப்களை ஆப்பிள் போன்களில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 கைவிட்டது. மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா கைவிட்டது. கூகுள் பிளேயும் அதே 2019-லிருந்து 64 பிட் பதிப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆகவே உங்கள் பிளகின்களில் 32 பிட் லைப்ரரி எதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மாற்று தேட வேண்டும், அல்லது அந்த வசதியையே எடுத்துவிட வேண்டும்.

திரை அளவு அடுத்த விஷயம். 320-க்கு 240 அளவில் வரைந்த கேமை 1080 பிக்சல் உயரத் திரையில் முழுதாக இழுத்தால் 4.5 மடங்கு வரும். பிக்சல்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அலைபாயும். சரியாக 4 மடங்கில் நிறுத்தி, மேலும் கீழும் 60 பிக்சல் கறுப்பாக விடுங்கள். ஓரங்களில் இடம் வீணாகிறதே என்று அகலவாட்டில் இழுக்கவே கூடாது. நீங்கள் வரைந்த வட்டம் வட்டமாகவே இருக்கட்டும்.

பட்டன்களில் கவனிக்க ஒன்று: நகர்த்தும் விசைகளை எழுத்தை வைத்துப் பிடிக்காதீர்கள், விசைப்பலகையில் அதன் இடத்தை வைத்துப் பிடியுங்கள். எல்லா நாட்டு விசைப்பலகையிலும் எழுத்துகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதி, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, திரை அதிர்வையும் வெளிச்ச மின்னலையும் அணைக்கும் வசதி ஆகிய மூன்றையும் சேருங்கள். அசல் கேமில் இல்லையே என்று தயங்க வேண்டாம். இவை விளையாட்டின் விதியை மாற்றுவதில்லை, முன்பு விளையாட முடியாமல் போனவரை உள்ளே அழைக்கின்றன.

ஸ்கோர் பட்டியலையோ சேர்ந்து விளையாடுவதையோ வெளி சர்வர் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். 2014-ல், ஆட்களை ஆன்லைனில் இணைத்துவைத்த கேம்ஸ்பை சேவை மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த ஏராளமான கேம்களின் ஆன்லைன் பகுதி ஒரே நாளில் நின்றது. ஒருவர் இன்னொருவரின் முகவரியை நேராகக் கொடுத்து இணையும் வழி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். ஸ்கோரை அவரவர் மெஷினிலேயே சேமிக்கலாம். சர்வர் பதில் சொல்லவில்லை என்பதால் கேம் தொடக்கத் திரையிலேயே தொங்கி நிற்கக் கூடாது.

பழைய சேவ் கோப்புகள்

யாரோ ஒருவர் உங்கள் கேமில் ராத்திரி பகலாக உட்கார்ந்து முக்கால்வாசி முடித்து வைத்திருப்பார். புதுப் பதிப்பு அவருடைய சேவைத் திறக்காவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார். சேவ் கோப்பின் முதல் வரியில் ஒரு பதிப்பு எண் வையுங்கள். எண் இல்லாத கோப்பு என்றால் அது அசல் பதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன மாற்றும் செயற்கூறு எழுதினால் எவ்வளவு பழைய கோப்பும் ஏறி வந்துவிடும். மாற்றுவதற்கு முன் பழைய கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைப்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

உரிமைகள்

சலிப்பான வேலை, ஆனால் வெளியிட்ட பிறகு கண்டுபிடித்தால் தலைவலி பெரிது. இசையை எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த உரிமத்தில்? 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையில் எடுத்த ஒலியை விலைக்கு விற்கும் கேமில் வைக்க முடியாது. எழுத்துருக்களுக்கும் இதே கதை. அச்சுக்கு வாங்கிய உரிமம் ஆப்புக்குள் பொதிந்து கொடுப்பதை அனுமதிக்காமல் இருக்கலாம். நண்பர் ஒருவர் படம் வரைந்து கொடுத்திருந்தால் இப்போது பேசி, யாருக்கு என்ன பங்கு என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்பு நீடிப்பதற்காகவே சொல்கிறேன்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

இப்போது கேம் ஓடுகிறது. கை துறுதுறுக்கும். ஒரு காகிதத்தில் ஆசைகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் அன்று விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் படியுங்கள். உங்கள் பட்டியலும் அவர்களுடைய குறைகளும் சந்திக்கும் இடங்கள்தான் இந்த வெளியீட்டுக்கான வேலை. மீதியை மூடி வையுங்கள்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் இதற்கு நல்ல உதாரணம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-லிருந்து இலவசமாகக் கொடுத்துவந்த கேம். திரை முழுக்க எழுத்துக்குறிகள்தான், எல்லாமே விசைப்பலகையில். 2022 டிசம்பரில் ஸ்டீமில் வந்தபோது படங்களும், மவுஸில் இயக்கும் மெனுக்களும் சேர்ந்திருந்தன. உள்ளே நடக்கும் அந்த ஆழமான உலகம் அப்படியே இருந்தது. ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது எதுவோ அதில் கை வைத்தார்கள்.

அமாங் அஸ் கேமை அதைச் செய்தவர்கள் 2018-ல் வெளியிட்டார்கள், 2020-ல் அது திடீரென்று உலகம் முழுக்கப் பரவியது. பழைய கோடில் புதியவற்றைச் சேர்ப்பது கடினம் என்பதால் இரண்டாம் பாகம் செய்வதாக அறிவித்தார்கள். கொஞ்ச நாளிலேயே அதைக் கைவிட்டு, பழைய கேமையே சீர்செய்வது என்று முடிவெடுத்தார்கள். விளையாடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே வேலை செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

முழுதாகத் திரும்ப எழுதுவது எப்போதுமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். டெரிக் யூ 2008-ல் கேம்மேக்கரில் செய்து இலவசமாக விட்ட ஸ்பெலங்கியை வேறு எஞ்சினில் புதிதாகக் கட்டி 2012-ல் வெளியிட்டார்கள், அருமையாக வந்தது. ஆனால் அங்கே அசல் கேம் ஏற்கனவே கையில் ஓடிக்கொண்டிருந்தது. எதை ஒத்திருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருந்தது. உங்களிடமும் அப்படி ஓடுகிற அசல் ஒன்று இருந்தால், நேரமும் இருந்தால், தாராளமாக முயலுங்கள்.

மற்றவர் கையில் கொடுங்கள்

இரண்டு வகை ஆட்கள் வேண்டும். அன்று விளையாடியவர் ஒருவர், இதைப் பார்த்தே இராதவர் ஒருவர். முதலாமவர் "முன்பு இப்படி இல்லையே" என்று சொல்வார். அவர் விரல்களுக்கு இருக்கும் ஞாபகம் உங்கள் வீடியோவைவிடத் துல்லியம். இரண்டாமவர் எங்கே திணறுகிறார் என்று பின்னால் நின்று பாருங்கள், வாய் திறந்து வழி சொல்லாதீர்கள். கதவைத் திறக்கத் தெரியாமல் அவர் சுவரில் மோதிக்கொண்டே இருந்தால், அங்கே பொறுமையாக நின்று அந்த இடத்தைக் குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

வெளியிடும்போது

ஏற்கனவே கடையில் இருக்கும் கேம் என்றால், புதுப் பக்கம் திறப்பதா, பழைய பக்கத்திலேயே அப்டேட்டாகக் கொடுப்பதா என்ற கேள்வி வரும். பழைய பக்கத்தில் கொடுத்தால் அன்று வாங்கியவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேரும், பழைய விமர்சனங்களும் நிற்கும். விதிகளும் லெவல்களும் அடியோடு மாறியிருந்தால் ஒழிய நான் பழைய பக்கத்தையே தேர்ந்தெடுப்பேன். ஸ்டீமில் அசல் பதிப்பைத் தனிக் கிளையாக விட்டுவைக்கும் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். பழையதே பிடிக்கும் என்பவர்கள் உண்டு.

ஆண்ட்ராய்டில் ஒரு தடங்கல் காத்திருக்கலாம். முதல் வெளியீட்டில் ஆப்பில் போட்ட கையொப்பச் சாவிக் கோப்பு இல்லாமல் அதே ஆப்புக்கு அப்டேட் கொடுக்க முடியாது. கூகுளே சாவியை வைத்துக்கொள்ளும் முறையில் அன்றே சேர்ந்திருந்தால், பதிவேற்றும் சாவி தொலைந்தாலும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். சேரவில்லை, சாவியும் கிடைக்கவில்லை என்றால் புது ஆப்பாகத்தான் போட வேண்டிவரும். முதல் படியில் தேடும்போதே இந்தக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் தேடும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பில் எஞ்சின் பதிப்பு பற்றியெல்லாம் எழுத வேண்டாம். இப்போது எந்தெந்த மெஷினில் ஓடும், பழைய சேவ் திறக்குமா, என்ன புதிது, என்ன அப்படியே இருக்கிறது என்று நான்கு வரிகள் போதும்.

வெளியிட்ட மறுநாள்

ஓய்வெடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. கோடு, மூலப் படங்கள், இசை, எஞ்சினின் இன்ஸ்டாலர், பிளகின்கள், கையொப்பச் சாவி, உரிமக் கடிதங்கள், வெளியான பில்ட், ஒவ்வொரு பதிப்பிலிருந்தும் ஒரு சேவ் கோப்பு, முழு விளையாட்டின் வீடியோ ஆகியவற்றை ஒரே போல்டரில் வையுங்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில், வெறும் கணினியிலிருந்து ஓடும் பில்ட் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். அப்புறம் இந்த கேமைத் தொட்டே இராத ஒரு மெஷினில், அந்தக் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் பின்பற்றி ஒரு பில்ட் எடுத்துப் பாருங்கள். எங்கே தடைபடுகிறதோ அங்கே விட்டுப்போன வரியைச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து முயலுங்கள். தடையில்லாமல் பில்ட் வந்ததும் போல்டரை இரண்டு நகல் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள்.